குறுக்கே விழுந்த மரம்: ரம்பத்தை எடுப்பதற்கு முன்னும் பின்னும்

மலைச் சைக்கிள் தடத்தின் குறுக்கே மரம் விழுந்தால், மரத்தைவிட அதைச் சுற்றிப் போகிறவர்களால்தான் தடத்துக்குச் சேதம் அதிகம். முதலில் வருபவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுவார். அடுத்து வருபவர் வேர்ப்பக்கமாகவோ நுனிப்பக்கமாகவோ சுற்றுவார். நாலு பேர் போனதும் புல்லும் சருகும் நசுங்கிப் புதிதாக ஒரு பாதை தெரியத் தொடங்கும். அதற்குப் பிறகு மரத்தை அகற்றினாலும் அந்தப் பாதையை ஆட்கள் லேசில் விடமாட்டார்கள். அது சரிவுக்கு நேராக இறங்குவதாக இருந்துவிட்டால், மழைத்தண்ணீரும் அதையே பிடித்துக்கொண்டு அரிக்கும். ஆகவே மரத்தை அறுக்க ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றாலும், சுற்றுப்பாதையை அன்றைக்கே அடைத்துவிடுங்கள். உடைந்து கிடக்கும் கிளைகளை அதில் இழுத்துப் போட்டாலே போதும்.

அடுத்தது எச்சரிக்கை. வளைவுக்கு அப்பால், குதித்து இறங்கும் இடத்தில், வேகமான இறக்கத்தில் கிடக்கும் மரங்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கண்ணில் பட்டு விரல் பிரேக்கை அழுத்தவே கிட்டத்தட்ட ஒரு விநாடி போய்விடுகிறது. அதன் பிறகு தளர்ந்த மண்ணில் வண்டி நிற்க இன்னும் 8, 10 மீட்டர் வேண்டும். இறக்கத்தில் அதற்கும் கூடுதல். மரத்துக்கு ஐந்து மீட்டர் முன்னால் கட்டிய நாடாவால் யாருக்கும் பயனில்லை. 40, 50 மீட்டர் முன்னால், தடம் நேராக ஓடும் இடத்தில், பளிச்சென்ற நாடா கட்டுங்கள். நாடா இல்லையென்றால் இலையுள்ள கிளையை ஓரத்தில் நிமிர்த்தி நடலாம். கல்லையோ கட்டையையோ தடத்தில் வைத்து எச்சரிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதுவே இன்னொரு விபத்துக்கு வழி.

நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களுக்குத் தகவல் சொல்லாமல் அறுக்கக் கூடாது. விழுந்த மரமும் அவர்களுடையதுதான். அதில் கூடுகள் இருக்கலாம். அறுக்கும்போது யாருக்காவது அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. ‘மரம் விழுந்து கிடக்கிறது’ என்று மட்டும் சொன்னால் என்ன கருவி கொண்டு வருவது என்று அவர்களுக்குத் தெரியாது. இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, தடத்துக்குக் குறுக்கே வரும் பகுதியின் தடிமன், அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, வேரோடு சாய்ந்ததா முறிந்ததா, வேறு மரத்தின் மேல் சாய்ந்து நிற்கிறதா என்பதெல்லாம் வேண்டும். சைக்கிளை மரத்தோடு சாய்த்து வைத்து இரண்டு பக்கமிருந்தும் படம் எடுத்து அனுப்பினால் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

எதைக் கையால் அறுக்கலாம்?

15 செ.மீ. தடிமன் வரை, தரையில் படுத்துக் கிடக்கும், எதிலும் சிக்காத கிளையோ சிறு மரமோ என்றால் இழுத்து அறுக்கும் நல்ல மடக்கு ரம்பம் போதும். ஆனால் தடிமனை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. பெரிய மரத்தின் அடியில் மாட்டிக்கொண்டு வளைந்து நிற்கும் கன்று மணிக்கட்டு அளவுதான் இருக்கும். ஆனால் அது நாண் ஏற்றிய வில். அதை வளைவின் வெளிப்பக்கத்தில் வெட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். வளைவின் உட்பக்கத்தில் மெல்லிய சீவல்களாகச் சீவிச் சீவி, இறுக்கம் மெதுவாக இறங்கும்படி விட வேண்டும். அது நிமிரும் திசையில் யாரும் நிற்கக் கூடாது.

செயின்சா, அதாவது இயந்திரத்தால் ஓடும் சங்கிலி ரம்பம், பயிற்சி பெற்றவர்களுக்கான கருவி. முகத்தடுப்பும் காதுக்காப்பும் உள்ள தலைக்கவசம், செயின்சாவுக்கென்றே தைத்த கால்சட்டை, பூட்ஸ், கையுறை ஆகியவை இல்லாமல் அதைத் தொடக்கூடாது. அந்தக் கால்சட்டைக்குள் இருக்கும் நீண்ட இழைகள் சங்கிலியில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். சாதாரண ஜீன்ஸ் நிறுத்தாது. சங்கிலி சுற்றி ஓடும் ரம்பப் பட்டையின் முனையில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் ஆளை நோக்கி எகிறும். கீழ்விளிம்பால் அறுக்கும்போது சங்கிலி ரம்பத்தை மரத்தை நோக்கி இழுக்கும், மேல்விளிம்பால் அடியிலிருந்து அறுத்தால் ஆளை நோக்கித் தள்ளும். விழுந்த மரத்தில் அடியிலிருந்து அறுக்க வேண்டிய தேவை அடிக்கடி வருவதால் இதைத் தெரிந்துகொண்டுதான் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். கூட வந்தவர் படுத்த மரத்தை அறுக்கும்போது குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நிற்கும் மரமோ, இன்னொரு மரத்தில் மாட்டிக்கொண்ட மரமோ என்றால் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம். மாட்டிக்கொண்ட மரத்தை இறக்குவது மரவேலையே தொழிலாகக் கொண்டவர்களின் வேலை. தன்னார்வலர்கள் அதில் கை வைக்காமல் இருப்பதே சரி.

மரத்தின் இறுக்கம்

அறுப்பதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். புயலில் ஒடிந்து, விழாமல் மேலே சிக்கியிருக்கும் கிளைகள் ரம்பத்தின் அதிர்விலேயே விழக்கூடும். மேலே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே கீழே பார்க்க வேண்டும்.

தடத்தின் இரு கரைகளிலும் தங்கி நடுவில் தொங்கும் மரத்தில், மேற்பக்கம் அமுங்கியும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். ஒரு முனை மட்டும் தங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் இதற்கு நேர்மாறு: மேற்பக்கம் இழுபட்டும் அடிப்பக்கம் அமுங்கியும் இருக்கும். எந்த நிலையானாலும் அமுங்கிய பக்கத்தில் முதலில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து அந்த வெட்டைச் சந்திக்க வேண்டும். அமுங்கிய பக்கத்திலேயே தொடர்ந்து போனால் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தில் தொடங்கினால் பாதி அறுபடும் முன்பே மரம் நீளவாக்கில் பிளந்து தெறிக்கும்.

எந்தப் பக்கம் எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாத மரங்கள் நிறைய. மேடுபள்ளமான தரையில் ஒரே தண்டில் இரண்டு இடங்களில் இரண்டு விதமான இறுக்கம் இருக்கும். அப்போது நம்ப வேண்டியது அறுப்பின் வாயைத்தான். சிறிது அறுத்ததும் வாய் மூட ஆரம்பித்தால் அது அமுங்கிய பக்கம். உடனே நிறுத்தி பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை இறக்குங்கள். வாய் திறந்தால் இழுபட்ட பக்கம். இரும்பு ஆப்பு வேண்டாம்; சங்கிலி அதில் பட்டால் பற்கள் போய்விடும்.

பக்கவாட்டில் வளைந்து இரண்டு அடிமரங்களுக்கிடையே சிக்கிய தண்டுதான் மிகவும் ஏமாற்றும். மேலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும். அறுபட்டதும் வளைவின் வெளிப்பக்கமாக விசிறி அடிக்கும். அந்தப் பக்கம் ஆள் நிற்கவே கூடாது.

சரிவில் எப்போதும் மரத்துக்கு மேல்பக்கம் நின்று அறுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சைக்கிள் தடங்கள் ஒரே சரிவில் வளைந்து வளைந்து இறங்குவதால், மேல்சுற்றில் அறுத்த துண்டு உருண்டு போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் அதே தடத்தின் கீழ்ச்சுற்றாக இருக்கும். அங்கேயும் ஓர் ஆளை நிறுத்தி, வருபவர்களைத் தடுத்த பிறகே ரம்பத்தைக் கிளப்புங்கள்.

வேரோடு சாய்ந்த மரம் தனி ரகம். மண்ணைக் கவ்வியபடி நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டைப் பிடித்து வைத்திருப்பது தண்டின் பாரம். தண்டை அறுத்ததும் அந்தப் பாரம் போய்விட, டன் கணக்கான வேரும் மண்ணும் பழைய குழிக்குள்ளேயே திரும்ப விழலாம். சில நேரம் முன்பக்கமாக, அறுப்பவர் மேலேயே சாயலாம். குழிக்குள் இறங்கிப் பார்ப்பது, அதன் பின்னால் நிழலுக்கு உட்காருவது, படம் எடுக்கப் பிள்ளைகளை நிறுத்துவது எல்லாமே உயிரோடு விளையாடும் வேலை. தடத்துக்குப் பக்கத்திலேயே வேர்த்தட்டு நிற்கிறது என்றால் வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) கட்டி நிலைப்படுத்தத் தெரிந்தவர்கள் வரும்வரை அந்தப் பகுதியை மூடி வையுங்கள்.

எவ்வளவு அறுப்பது, எங்கே போடுவது?

பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 800 முதல் 1,000 கிலோ வரை இருக்கும். 40 செ.மீ. தடிமனுள்ள தண்டில் ஒரு மீட்டர் நீளத் துண்டு 100 முதல் 125 கிலோ. தடிமன் 60 செ.மீ. ஆனால் அதே நீளத்துக்கு 225 கிலோவைத் தாண்டும். ஒன்றரை மீட்டர் துண்டாக அறுத்துவிட்டு அதை நகர்த்த முடியாமல் விழிப்பதைவிட, தூக்கவோ உருட்டவோ முடிகிற அளவுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு அறுப்பது நல்லது. கடப்பாரை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இரண்டு வெட்டுகளையும் இணையாகப் போட்டால் நடுத்துண்டு இரு பக்கமும் இறுகி வெளியே வராது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் சாய்த்து அறுத்தால் தூக்கி எடுக்கலாம். உருட்டிவிடுவதாக இருந்தால் துண்டு வெளியேற வேண்டிய பக்கம் அகலமாக இருக்கும்படி அறுக்க வேண்டும்.

இடைவெளி எவ்வளவு? இன்றைய மலைச் சைக்கிள் ஹேண்டில்பார் 76 முதல் 80 செ.மீ. அகலம் வரை இருக்கிறது. நேர்ப்பகுதியில் ஒன்றரை மீட்டர் திறந்தால் போதும். வளைவில் வண்டியும் ஆளும் உட்பக்கம் சாய்வதால் அங்கே உள்முனையை இன்னும் தள்ளி அறுக்க வேண்டும். அவசரத்தில் ஹேண்டில்பார் நுழையும் அளவுக்கு மட்டும் அறுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த வாசலில் விரல் முட்டி அடிபட்டு விழுபவர்களும் உண்டு. கிளைகளைக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும்படி பாதியில் வெட்டாதீர்கள். தண்டோடு ஒட்டி அறுத்துவிடுங்கள். கீழே விழுகிற ஆளின் தொடையோ கண்ணோ போய்ச் சேரும் இடத்தில்தான் அந்தக் கூர்முனைகள் இருக்கும்.

அறுத்த துண்டுகள் தடத்தின் கீழ்ப்பக்கம் போக வேண்டும். உருளாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் வாயில் ஒன்றையும் போடக்கூடாது. கிளைகளை அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் வெட்டுமுனை தானாகவே தடத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கும்.

மரத்தை அப்படியே விட்டு அதன் மேல் ஏறிப் போகலாமே என்பவர்களுக்கு: போகலாம், ஓட்டுவதற்கு எவ்வளவு கடினமான தடம் என்ற நிலை அதற்கு இடம் கொடுத்தால். பெடலோடு சுழலும் முன்பல்சக்கரத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது என்பதால், 20 செ.மீ.க்கு மேல் தடிமனுள்ள மரத்துக்கு இருபக்கமும் கல் அடுக்கி ஏற்றம் கட்ட வேண்டியிருக்கும். தடத்துக்குச் செங்குத்தாகக் கிடந்தால்தான் சக்கரம் ஏறும். சாய்வாகக் கிடக்கும், பட்டை உரிந்த மரம் ஈரத்தில் முன்சக்கரத்தை வாரிவிடும். தரையை ஒட்டிக் கிடக்கும் கட்டை தண்ணீருக்கும் ஓர் அணை என்பதை மறக்க வேண்டாம்.

மரம் போன பிறகு

பெரும்பாலான குழுக்கள் மரத்தை அகற்றியதும் வீட்டுக்குப் போய்விடுகின்றன. தடத்தின் உண்மையான பராமரிப்பு அதன் பிறகுதான் இருக்கிறது. வேர் பெயர்ந்த குழியைக் கிளைகளையும் சருகையும் போட்டு மூடினால் அவை மக்கி, ஓரிரு மழைக்காலத்தில் தடம் உள்ளே இறங்கிவிடும். மேல்மண்ணில் இலைமக்கு கலந்திருப்பதால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துச் சேறாகும். அதை ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் மக்கு கலக்காத மண்ணைத்தான் நிரப்ப வேண்டும். ஒரே தடவையில் கொட்டாமல் 10, 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் திமிசால் இடித்து, முடிவில் தரைமட்டத்துக்குச் சில செ.மீ. உயரமாக விடுங்கள், அமுங்கிச் சரியாகிவிடும். மண் எடுக்கும் குழி தடத்திலிருந்து தள்ளி, கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். ஒதுக்கிய மேல்மண்ணால் அதை மூடலாம்.

மண் இடிபட ஈரம் சரியாக இருக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது, விரலிடுக்கில் பிதுங்கினால் ஈரம் அதிகம். கோடையில் கொத்திப் போட்ட புழுதி அடுத்த வாரமே காற்றில் போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

தடத்தின் பரப்பு சரிவுப்பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும்: ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. இறக்கம். சக்கரங்கள் நடுவை அமுக்கி மண்ணை வெளியோரத்தில் ஒதுக்குவதால் நாளடைவில் அங்கே ஒரு வரப்பு எழும்பும். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தடத்தின் மேலேயே ஓடும். அந்த வரப்பைச் சீவுவதுதான் தடப் பராமரிப்பில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. ஒரு பக்கம் வாரும் பற்களும் மறுபக்கம் வெட்டும் தகடும் உள்ள மெக்லியாட் என்ற வாருவெட்டி இதற்கென்றே வந்தது போலிருக்கும். கோடாரியும் கொத்தும் ஒரே தலையில் உள்ள புலாஸ்கி வேர்ப்பகுதிகளில் மண் கொத்த நல்லது. 1910-இல் அமெரிக்காவில் பரவிய பெருங்காட்டுத்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றிய வன அலுவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது. இரண்டும் இல்லையென்றால் மண்வெட்டி போதும்.

வரப்பைச் சீவியும் தண்ணீர் நிற்கும் இடத்தில், சுமார் 3 மீட்டர் நீளத்துக்கு அரைவட்டமாகச் சீவி, நடுவில் 15 சதவீதம் வரை வெளிப்பக்கம் சாய்த்துவிட்டால் வடிந்துவிடும். குறுக்கே கட்டை பதித்துத் தண்ணீரைத் திருப்பும் பழைய முறையை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அதன் பின்னால் மண் தேங்கிச் சீக்கிரமே வேலை செய்யாமல் போகும். நனைந்த கட்டையில் சக்கரமும் வழுக்கும்.

சமன் செய்யும் வேகத்தில் குறுக்கே தெரியும் உயிர்வேர்களை வெட்டாதீர்கள். வேர் இழந்த மரத்துக்குக் காற்றைத் தாங்கும் பிடி குறைகிறது. அழுகலும் அந்த வெட்டு வழியாகத்தான் நுழையும். வேர்களுக்கிடையே கல்லும் மண்ணும் இட்டு மூடுங்கள்.

முதல் நல்ல மழை ஓய்ந்ததும் சைக்கிள் இல்லாமல், நடந்தே ஒரு முறை போய்ப் பாருங்கள். நிரப்பிய குழி இறங்கியிருக்கும் இடத்திலும் தண்ணீர் நிற்கும் இடத்திலும் ஓரத்தில் குச்சி நட்டு வைத்தால், சேறு வடிந்து மண் பதத்துக்கு வரும் நாளில் எங்கே வெட்ட வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.