ரத்தக்குழாய் அழற்சிக்கு வைரஸ் காரணமாக இருந்தால்

படியேறும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு நழுவுகிறது. முன்பாதத்தைத் தூக்க முடியவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு பிடித்து வலிக்கிறது. காய்ச்சல் விடவில்லை, உடம்பு இளைக்கிறது, ரத்த அழுத்தம் திடீரென்று எகிறுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உள்ளவருக்கு இவை சேர்ந்து வந்தால், பாலிஆர்டரைட்டிஸ் நோடோசா என்ற தமனி அழற்சியாக இருக்கலாம்.

அரிய நோய்தான். ஆனால் பர்மாவில் 2015-ல் நாடு தழுவி நடந்த ஆய்வில் நூற்றில் ஆறு பேருக்கு மேல் இந்த வைரஸ் இருந்தது. குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடத் தொடங்கியதே 2003-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் ரங்கூனிலும் மோல்மேனிலும் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள்.

வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் ஏராளமாக மிதக்கும். அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகள் அதோடு ஒட்டித் திரள்களாகி, நடுத்தர அளவுள்ள தமனிகளின் சுவரில் படிகின்றன. அங்கே வெள்ளணுக்கள் வந்து நொதிகளைக் கொட்ட, சுவர் நைந்துபோகிறது. சில இடத்தில் குழாய் அடைபடும், சில இடத்தில் புடைத்துக் குமிழாகும். நரம்புக்கு ரத்தம் போகாவிட்டால் பாதம் தொங்கும், குடலுக்குப் போகாவிட்டால் வயிறு வலிக்கும், சிறுநீரகத்துக்குக் குறைந்தால் அழுத்தம் ஏறும்.

சரி, ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடலாமே? அழற்சியை அது வேகமாக அடக்கும், உண்மை. ஆனால் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து தளரும், வைரஸ் பெருகும், திரள்களுக்கு இன்னும் புரதம் கிடைக்கும். அதனால்தான் பிரெஞ்சு மருத்துவர்கள் வகுத்த முறையில் ஸ்டீராய்டை இரண்டு வார அளவில் நிறுத்திவிடுவார்கள். நோய் கடுமையாக இருந்தால் பிளாஸ்மா மாற்றமும் உண்டு. ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டி, திரள்கள் மிதக்கும் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, அணுக்களை அல்புமின் கரைசலோடு திரும்ப ஏற்றுவார்கள்.

இதெல்லாம் அவசரத்துக்கு. என்னைக் கேட்டால் முக்கியமான மருந்து டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைதான். வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியை அது முடக்குகிறது. வைரஸ் அடங்கினால் அழற்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. நரம்பு மட்டும் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், பாதம் தேற மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம், கடையில் வலிக்கென்று தரும் கலவை மாத்திரைப் பொட்டலங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் தயவுசெய்து அவற்றைத் தொடவேண்டாம். அதேபோல, வைரஸ் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்; நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும்.