முடக்கு: தரவுத்தளக்காரர்களுக்கு ஒரு சொல் விளக்கம்

‘டிசேபிள்’ என்பதைச் சிலர் ‘நீக்கு’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். தரவுத்தளத்தில் (டேட்டாபேஸில்) இது பெரும்பிழை. நீக்க ‘டிராப்’ என்று தனிக் கட்டளை உண்டு; அதைக் கொடுத்தால் தரவுக்கு வைத்த விதியே போய்விடும். டிசேபிள் செய்த விதி அங்கேயே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. இதற்குச் சரியான சொல் ‘முடக்கு’.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தத்துக்கு மலையாளத்தில் ‘பணிமுடக்கு’ என்று பெயர். அன்று பணி நிற்கும், பறிபோகாது. முடம், முடங்கு, முடக்கு, முடக்குவாதம் எல்லாம் ஒரே குடும்பம். 2017 மார்ச்சில் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது என்றுதான் தமிழ்ச் செய்தித்தாள்களும் எழுதின; நவம்பரில் அந்தச் சின்னம் திரும்பக் கிடைத்தது.

தரவுத்தளத்தில் வழக்கமாக முடக்கப்படுபவை இரண்டு: ‘கன்ஸ்ட்ரெயின்ட்’, ‘ட்ரிகர்’. ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ இறுக்கிக் கட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘கட்டுப்பாடு’ அதற்கு அப்படியே பொருந்துகிறது. ‘ட்ரிகர்’ டச்சு மொழியின் ‘ட்ரெக்கர்’, அதாவது இழுப்பது. துப்பாக்கியில் அது விசை. விசைப்பலகைச் சாவியையும் விசை என்பதால், தரவுத்தளத்துக்குத் ‘தூண்டி’யே நல்லது.

ஒரு பால் சொசைட்டியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் பட்டியலில் இல்லாத எண்ணுக்குப் பால் வரவு வைக்க விடாதது கட்டுப்பாடு. வரவு பதிந்ததும் அவருக்குத் தரவேண்டிய தொகையைத் தானாகக் கூட்டுவது தூண்டி. பழைய கணக்கை மொத்தமாக ஏற்றும்போது உறுப்பினர் பதிவுக்கு முன்பே அவருடைய வரவுப் பதிவு வந்தால் கட்டுப்பாடு தடுக்கும். தொகை ஏற்கெனவே கூட்டப்பட்டிருந்தால் தூண்டி இன்னொரு முறை கூட்டிவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் இரண்டையும் முடக்குவது நியாயம்தான்.

ஆபத்து திரும்ப இயக்கும்போதுதான். வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியில் கம்பத்தைத் தூக்கி வைத்திருந்த நேரத்தில் கடந்த லாரியை, கம்பத்தை இறக்கிய பிறகு சோதிக்க முடியுமா? மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ‘ஃபாரின் கீ’ (மேலே சொன்ன உறுப்பினர் எண் கட்டுப்பாடு போன்றது) சோதனையை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், இடையில் நுழைந்த பதிவுகளை அது பார்ப்பதே இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் ‘வித் செக் செக்’ என்று ‘செக்’கை இருமுறை எழுத வேண்டும், ஒன்றை விட்டால் கட்டுப்பாடு இயங்கும், ஆனால் ‘நம்பத்தகாதது’ என்ற குறியோடு. ஆரக்கிள், வேண்டாம் என்று சொன்னாலன்றிப் பழையதையும் சோதித்துவிட்டே இயக்கும். போஸ்ட்கிரெஸில் கூடுதல் கவனம் வேண்டும்: அங்கே ஃபாரின் கீயே உள்ளுக்குள் தூண்டிகளால் இயங்குவதால், ஓர் அட்டவணையின் எல்லாத் தூண்டிகளையும் முடக்கினால் அதுவும் சேர்ந்து முடங்கும். தூண்டியோ, எந்த மென்பொருளிலும், விட்டுப்போன வேலையைப் பின்னால் செய்து தராது.

ஆகவே ‘எனேபிள்’ என்பதற்கு ஒரே சொல் போதாது. சும்மா திறந்துவிடுவதற்கு ‘இயக்கு’, பழைய பதிவுகளையும் பார்த்துவிட்டுத் திறப்பதற்குச் ‘சரிபார்த்து இயக்கு’ என்று பிரித்தே எழுத வேண்டும்.