கரண்ட் போய் வந்ததும் சர்வர் எப்படி டக்குனு எந்திரிக்குது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: வீட்ல ஒரு பழைய டெஸ்க்டாப்ல லினக்ஸ் போட்டு சொந்த வெப்சைட் ஓட்டுறேன், யுபிஎஸ் கிடையாது, ஏதாவது எழுதிட்டிருக்கும்போதே படக்குனு கரண்ட் போயிடுது, திரும்ப ஆன் பண்ணா "ரெக்கவரிங் ஜர்னல்"னு ஒரு வரி காட்டிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது, அந்த பாதி எழுதுன ஃபைலெல்லாம் என்ன ஆச்சு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துல கை வெச்சிட்டார்.

ஒரு ஃபைல் கடைசில நாலு வரி சேர்த்தாலும் டிஸ்க்ல பல இடத்துல எழுதியாகணும். வரிகள் போற ப்ளாக் (டிஸ்க்கைப் பிரிச்சு வெச்சிருக்கிற சின்னத் துண்டு) ஒண்ணு, அந்த ப்ளாக் இனி காலி இல்லைன்னு குறிக்கிற பிட்மேப் ஒண்ணு, ஃபைலோட சைஸும் ப்ளாக் விவரமும் இருக்கிற ஐனோடு ஒண்ணு. இதெல்லாம் ஒரே நொடில நடக்காது. ஐனோடு எழுதியாச்சு, பிட்மேப் எழுதறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா, அதே ப்ளாக்கை காலின்னு நினைச்சு இன்னொரு ஃபைலுக்கும் தூக்கிக் குடுத்துடும், அப்புறம் உங்க முகப்புப் பக்கத்துக்கு நடுவுல லாக் ஃபைல் வந்து உக்காந்துக்கும். லினக்ஸோட பழைய ஃபைல் சிஸ்டமான (டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை) இஎக்ஸ்டி2 காலத்துல இதுக்கு வைத்தியம் எஃப்எஸ்சிகேங்கற சோதனை ப்ரோகிராம்தான், மொத்த டிஸ்க்கையும் ஒண்ணுவிடாம சரிபார்க்கும், டிஸ்க் பெருசாக ஆக காத்திருப்பும் பெருசாகும்.

2001-ல லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ள வந்த இஎக்ஸ்டி3, அதுக்கப்புறம் 2008-ல நிலையான வடிவத்துக்கு வந்த இஎக்ஸ்டி4, ரெண்டும் ஜர்னல் வெச்சிருக்கு. கணக்கு எழுதுறவங்க முதல்ல சிட்டைல குறிச்சுட்டு அப்புறம் பேரேட்டுல ஏத்துவாங்களே, அதேதான். மாத்தப்போற ப்ளாக்குகளோட முழு நகலையும் முதல்ல ஜர்னல்ல எழுதும், எல்லாம் எழுதினதும் கடைசியா கமிட் ப்ளாக்னு ஒண்ணு போடும், அதுக்கப்புறம்தான் சாவகாசமா அசல் இடத்துல எழுதும். டீஃபால்ட்டா 5 செகண்டுக்கு ஒரு கமிட். பூட் ஆகும்போது கமிட் ப்ளாக் இருக்கிறதை அசல் இடத்துல எழுதிடும், இல்லாததைத் தூக்கிப் போட்டுடும், அவ்ளோதான். பெரிய டிஸ்க்லயும் ஜர்னல் சுமார் ஒரு ஜிபிதான்ங்கறதால வேலை சட்டுனு முடிஞ்சுடும்.

இதுல அழகு என்னன்னா, ஜர்னல்ல இருக்கிறது "இதோட ஒண்ணு கூட்டு"ங்கற மாதிரி கட்டளை இல்ல, ப்ளாக்கோட நகலே. அதனால அதை ஒரு தடவை எழுதினாலும் பத்து தடவை எழுதினாலும் ஒரே விளைவுதான், ரெக்கவரி நடக்கிற நேரத்துலயே மறுபடி கரண்ட் போனாலும் கவலையில்ல, அடுத்த தடவை முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கும்.

இன்னொரு குட்டி விஷயம் இருக்கு, இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு கைதட்டணும்னு தோணுச்சு. ஜர்னலோட சொந்த ப்ளாக் ஒவ்வொண்ணும் 4 பைட் அடையாள எண்ணோட ஆரம்பிக்கும், அதை வெச்சுதான் இது கமிட், இது நகல்னு பிரிச்சுப் பார்க்குது. சரி, நகலெடுக்கிற ப்ளாக்கே தற்செயலா அதே எண்ணோட ஆரம்பிச்சா? குழம்பிடுமே! அதனால அந்த 4 பைட்டையும் பூஜ்யமாக்கிட்டு, "இங்க அழிச்சிருக்கேன்"னு ஒரு கொடியைப் போட்டு வெச்சுக்கும், திரும்ப எழுதும்போது பழைய எண்ணைப் போட்டுடும். நடக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி, இருந்தும் யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காங்க.

ஆனா ஒண்ணு, சாதாரண செட்டிங்ல ஜர்னலுக்குள்ள போறது மெட்டாடேட்டா, அதாவது பிட்மேப், ஐனோடு மாதிரி கட்டமைப்பு விவரம் மட்டும்தான். நீங்க எழுதுன வரிகள் போகாது. கட்டமைப்பு கெடாது, கடைசி சில செகண்டு எழுத்து போச்சுன்னா போச்சுதான். 2009-ல இஎக்ஸ்டி4 புதுசா பரவுனப்போ கிராஷுக்கு அப்புறம் செட்டிங்ஸ் ஃபைலெல்லாம் 0 பைட்டா கிடந்துச்சுன்னு பெரிய சண்டையே நடந்துச்சு. ஃபைலை மாத்த சரியான வழி, புது உள்ளடக்கத்தை தற்காலிக ஃபைல்ல எழுதி, எஃப்சிங்க் பண்ணி (அந்த ஃபைலை டிஸ்க்ல எழுதி முடிக்கச் சொல்லி), அப்புறம் பழைய பேருக்கு ரீநேம் பண்றது, அப்பதான் முழு பழசு இல்லன்னா முழு புதுசு கிடைக்கும். எஸ்க்யூலைட் மாதிரி டேட்டாபேஸ்கள் தனக்குன்னு தனி ஜர்னலே வெச்சுக்குது.

மூத்த அட்மின்கள் சிலர் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி, மெமரில காத்திருக்கிறதை எல்லாம் டிஸ்க்ல எழுதச் சொல்ற சிங்க் கமாண்டை மூணு தடவை அடிப்பாங்க, கேட்டா பெரியவங்க சொன்னதுன்னு பதில் வரும். பழைய யூனிக்ஸ்ல சிங்க் எழுதச் சொல்லிட்டு உடனே திரும்பிடும், அதனால மூணு தடவை டைப் பண்ற நேரத்துல டிஸ்க் வேலையை முடிச்சுக்கட்டும்னு அப்படி ஒரு பழக்கம். லினக்ஸ்ல சிங்க் எழுதி முடியிற வரைக்கும் காத்திருந்துதான் திரும்பும். மிச்ச ரெண்டும் சாஸ்திரம்தான், எலுமிச்சம்பழத்தை மானிட்டர் மேல வெச்சாலும் அதே பலன்.

நிஜமாவே பயப்பட வேண்டிய இடம் வேற. கமிட் ப்ளாக்குக்கு முன்னாடி நகலெல்லாம் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தாச்சான்னு கெர்னல் கேட்கும், மலிவான சில யுஎஸ்பி டிஸ்க்குகள் தன்னோட தற்காலிக மெமரியான கேஷ்லயே வெச்சுக்கிட்டு "எழுதியாச்சு"ன்னு பொய் சொல்லும். அந்த வரிசை மாறிடுச்சுன்னா ஜர்னலையும் நம்ப முடியாது, மறுபடி எஃப்எஸ்சிகேதான், அதுலயும் தேறலன்னா பேக்கப்.