புத்தகத்தை மூடினால் என்ன மிஞ்சுகிறது?

பெங்களூரில் நர்சிங், பிசியோதெரபி மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாளைக் கொடுக்கும் நாள் எனக்கு மனசு கனக்கும் நாள். அன்று மாலை ஸ்டாஃப் ரூம் வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். பெங்களூரிலேயே அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. நான் தமிழ் பேசுவேன் என்று சீனியர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

"மேம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. பேப்பரப் பாத்ததும் ஒண்ணுமே வரல."

பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இவர்கள். "இந்தப் படிப்பு எனக்கு வராது போல, ஊருக்கே போயிடவா?" என்று கேட்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அழுகைக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு மணி வரை படித்தேன் என்பது உண்மை. தெரிந்த மாதிரி இருந்தது என்பதும் உண்மை. சிக்கல் அந்த "மாதிரி"யில் இருக்கிறது.

நோட்டை வாங்கிப் பார்ப்பேன். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று பக்கம் முழுக்க ஹைலைட்டர். நோட்டை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டுவேன். "இதயத்துக்குள்ள ரத்தம் எங்க நுழையுது, எங்க வெளிய போகுதுன்னு வரைஞ்சு காட்டும்மா." நான்கு அறைகள் சட்டென்று வந்துவிடும். வலது வென்ட்ரிக்கிள், அதாவது வலது கீழறை வரை பேனா ஓடும். நுரையீரலுக்குப் போய்த் திரும்பும் இடத்தில் தயங்கும். நுரையீரலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் குழாயான பல்மனரி வெயினில் வருவது ஆக்சிஜன் உள்ள ரத்தமா, இல்லாததா? அங்கே பேனா நின்றுவிடும். ஒரே பக்கத்தை ஏழெட்டு முறை படித்திருந்தும் அந்த இடம் தெரியாது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது. இனி அவள் படிக்க வேண்டியது அந்த ஓர் இடத்தை மட்டும்தான்.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தை நம் மனம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. தினமும் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்? 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பத்தியைச் சிலர் மறுபடி மறுபடி படித்தார்கள். வேறு சிலர் படித்துவிட்டு, பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: பார்க்காமல் எழுதியவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் மறுபடி படித்தவர்களுக்கே அதிகம். என் ஸ்டாஃப் ரூம் வாசலில் நான் ஆண்டுதோறும் பார்ப்பது இதைத்தான்.

அதனால் என் பிள்ளைகளுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். படித்து முடித்ததும் மூடு. வெள்ளைத் தாளில் எழுது, வரை, வாய்விட்டுச் சொல். பிறகு திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் போடு. அன்று மாலை ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. முதல் தடவை தாளெல்லாம் சிவப்பாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற நரம்புப் பின்னலை ஒரே நாளில் மனப்பாடம் செய்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. 5 வேர், 3 தண்டு, 6 பிரிவு, 3 வடம், 5 கிளை. தினம் ஒரு தடவை பார்க்காமல் வரைந்து வந்தால், தேர்வு அறையில் கை தானாகப் போடும்.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. நரம்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயினில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், போடும் ஊசியை நாம் நரம்பு ஊசி என்கிறோம். கையில் நரம்பு புடைத்திருக்கிறது என்பதும் வெயின்தான். நரம்புத் தளர்ச்சி என்னும்போது அது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கடத்தும் நெர்வ். கழுத்து பிடித்துக்கொண்டால் "நரம்பு பிசகிடுச்சு" என்கிறோம், அங்கே பெரும்பாலும் தசை. கையில் உள்ள ரேடியல் நெர்வில் ரத்தம் ஓடுவதாக ஒரு மாணவி தேர்வில் எழுதியிருந்தாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், அவ்வளவுதான்.

இதற்கு ஐந்து நிமிடம் போதும், உங்கள் கையே பாடப் புத்தகம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் துடிப்பது, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் ஆர்ட்டரி. தோலுக்கடியில் பச்சை நீலமாகத் தெரியும் கோடு வெயின். கையை இறுக மூடி மணிக்கட்டை மடக்கினால் கயிறு போல விடைத்து நிற்பது, தசையை எலும்போடு இணைக்கும் டெண்டன். நெர்வ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முழங்கையின் உட்பக்கம் எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்குமே, அது அல்நார் நெர்வ். இதைச் செய்து பார்த்த பிறகு இந்த நான்கையும் குழப்பிய பிள்ளை எனக்கு நினைவில்லை.

தமிழ் இடைஞ்சல் என்று இதற்கு அர்த்தமில்லை. தமிழில் புரிந்துகொள்ள வெட்கப்படாதீர்கள் என்று ஒவ்வொரு பேட்சிடமும் சொல்கிறேன். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை முதலில் தமிழில் ஒரு தோழிக்குச் சொல்லிப் பாருங்கள். பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் பொருத்துங்கள். பெயர்களும் காரணத்தோடு வந்தவைதான். கெண்டை மீன் போலிருப்பதால் நம் ஊரில் கெண்டைக்கால். அந்தத் தசைக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த கேஸ்ட்ரோக்னீமியஸ் என்ற பெயருக்குக் காலின் வயிறு என்று பொருள். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ஸ்டெர்னம் (மார்பெலும்பு), கிளாவிக்கிள் (காறை எலும்பு), மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேடு) என்று அந்தத் தசை ஒட்டியிருக்கும் மூன்று இடங்களும் பெயரிலேயே இருக்கின்றன.

எண்களும் அப்படித்தான். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது 180 லிட்டர் என்று படித்துவிட்டு மறுநாள் மறந்துவிடுவார்கள். நம் பிஜி விடுதியில் மாடிப்படி ஏற்றும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் கணக்கில் அது ஒன்பது கேன். வெளியே வரும் சிறுநீரோ சுமார் ஒன்றரை லிட்டர். மீதி எங்கே போனது? இந்தக் கேள்வி மனதில் விழுந்துவிட்டால் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியான நெஃப்ரானின் ஒவ்வொரு குழாயும் ஏன் இருக்கிறது என்பது தானே விளங்கத் தொடங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவே உடலில் சுமார் 3 லிட்டர்தான். அப்படியானால் அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது. இதைப் பலகையில் போட்டுக் காட்டும்போது வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். அந்த நிமிடத்துக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

படம் பார்த்து மட்டும் உடற்கூறியல் வராது. கல்லூரியில் எலும்புகள் கையில் கிடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள், வலதா இடதா என்று விரலே சொல்ல வேண்டும். கறி சாப்பிடும் வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டின் இதயம் ஒன்றை முழுசாகக் கேளுங்கள். நெடுக்காக வெட்டினால் இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட எவ்வளவு தடிமன் என்பது தெரியும். உடல் முழுக்கத் தள்ள வேண்டிய பக்கம் அது. வால்வைப் பிடித்திருக்கும் வெள்ளை இழைகளை இழுத்துப் பார்த்தவர்கள் கார்டே டென்டினே என்ற பெயரை மறப்பதில்லை. பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. உண்மையான மனித மூளையை அங்கே கையில் ஏந்திப் பார்க்கலாம். பெங்களூரில் இருந்துகொண்டு அதற்குப் போகாமல் இருக்காதீர்கள்.

முதலெழுத்துகளைக் கோத்து மனதில் வைக்கும் நினைவுச் சூத்திரங்களைப் பற்றிக் கேட்பார்கள். மூளையிலிருந்து கிளம்பும் 12 கபால நரம்புகளின் வரிசைக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம்.

விடிய விடியப் படிப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பகலில் படித்தது மூளையில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2021-இல் வந்த நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தில் உடற்கூறியலும் உடலியங்கியலும் முதல் செமஸ்டரிலேயே முடிந்துவிடுகின்றன. நேரம் குறைவு என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் தினமும் முக்கால் மணி நேரம் வெள்ளைத் தாளோடு உட்காரச் சொல்கிறேன். பெற்றோருக்கும் ஒன்று: போனில் "எத்தனை மணி நேரம் படிச்ச?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்குப் படிச்சத எனக்குக் கொஞ்சம் சொல்லும்மா" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி அவளால் சொல்ல முடிந்தால் அவள் படித்துவிட்டாள்.

சில ஆண்டுகளுக்கு முன் முதல் இன்டர்னலில் தோற்று, ஊருக்குப் போகிறேன் என்று நின்ற தருமபுரிப் பிள்ளை ஒருத்தி. படுத்திருந்து எழும்போது ரத்த அழுத்தம் என்ன ஆகிறது என்ற கேள்வியை ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருந்தாள். என் மேஜையில் உட்கார்ந்து அம்புக்குறி போட்டு, ஒவ்வோர் அம்புக்கும் "ஏன்" என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கு இறங்குகிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, கழுத்தில் உள்ள, அழுத்தத்தை உணரும் பேரோரிசெப்டர் அதைக் கண்டு மூளைக்குச் சொல்கிறது, துடிப்பு கூடுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. நான்கு நாள் நான்கு தாள் எழுதினாள். கடைசித் தாளில் சிவப்பு இல்லை.

மூன்றாம் ஆண்டு மருத்துவமனைப் போஸ்டிங்கில் அவளை வார்டில் பார்த்தேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒரு முதியவர், தமிழ் மட்டுமே தெரிந்தவர், கட்டிலிலிருந்து அவசரமாக இறங்கப் பார்த்தார். அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தாத்தா, படக்குனு எந்திரிக்காதீங்க. ரத்தமெல்லாம் காலுக்கு எறங்கிடும், மேல ஏத்துறதுக்கு ஒடம்புக்குக் கொஞ்ச நேரம் வேணும். மாத்திரை வேற சாப்பிடறீங்க. காலத் தொங்கப் போட்டு ரெண்டு நிமிஷம் உக்காருங்க, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அவர் உட்கார்ந்தார்.