கொரில்லா ஏன் நெஞ்சில் தட்டுகிறது?

"டிவியில் கொரில்லா எழுந்து நின்று நெஞ்சில் குத்திக்கொள்கிறதே, அது கோபமா? சண்டைக்குக் கூப்பிடுகிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

முதலில், அது குத்துவதே இல்லை. முஷ்டியை மடக்கிக் குத்துவதெல்லாம் சினிமாக்காரர்களின் கற்பனை. நிஜ கொரில்லா உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்து, இரண்டு கைகளாலும் மாறி மாறிப் படபடவென்று தட்டும். 'பொக் பொக் பொக்' என்று கிளம்பும் அந்தச் சத்தம் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இங்கே பேசுவது மலை கொரில்லாக்களைப் பற்றி. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடரிலும், அதற்கு வடக்கே உகாண்டாவின் பிவிண்டி காட்டுப் பகுதியிலும் மட்டுமே இவை வாழ்கின்றன. எப்போதும் ஈரம், மூங்கில், ஆளுயரச் செடிகள். ஒரு கூட்டம் உட்கார்ந்து தழை தின்றுகொண்டிருந்தால் பக்கத்தில் போகும் வரை கண்ணுக்குத் தெரியாது. கூட்டத்தின் தலைவன் வளர்ந்த ஆண். சுமார் 12 வயதில் முதுகு முடி வெள்ளி நிறமாக மாறுவதால் அவனுக்கு சில்வர்பேக் என்று பெயர். பெண்ணைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை.

அவன் திடீரென்று தட்டத் தொடங்குவதில்லை, அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் 'ஊ... ஊ...' என்று மெல்லிய கூவல், போகப்போக அது வேகமெடுக்கும். இடையில் ஓர் இலையைப் பறித்து உதட்டில் வைத்துக்கொள்வான். அப்புறம் இரண்டு காலில் எழுந்து, கையில் கிடைத்த செடியை வீசி, நெஞ்சைத் தட்டுவான். உடனே பக்கவாட்டில் ஓடி, செடிகளை அறைந்து பிய்த்து, கடைசியில் தரையில் ஓங்கி ஓர் அடி. தட்டுவது ஓரிரு விநாடிதான். எல்லாக் கட்டமும் எல்லா முறையும் வராது.

அந்த ஓரிரு விநாடிச் சத்தத்தில் என்ன இருக்கிறது? ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் 2014 முதல் 2016 வரை 25 சில்வர்பேக்குகளைக் கவனித்து எழுதிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஆய்வாளர்கள் முதலில் கொரில்லாவைத் தொடாமலே அளந்தார்கள். எப்படி? இரண்டு லேசர் கதிர்களை இணையாக முதுகில் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரம் முன்பே தெரியும். அதையே அளவுகோலாக வைத்துப் படத்திலிருந்தே முதுகின் அகலத்தைக் கணக்கிட்டுவிடலாம். அடுத்து, 6 ஆண்களின் 36 நெஞ்சுத் தட்டல்களைப் பதிவுசெய்தார்கள். ஓர் ஆண் எப்போது தட்டுவான் என்று யாருக்கும் தெரியாது. ஒலிவாங்கியும் கையுமாகச் சரியான தூரத்தில் காத்திருந்து சேர்த்த 36 அவை.

முடிவு அழகானது. முதுகு அகலம் கூடக்கூட, தட்டலில் மேலோங்கி நிற்கும் அதிர்வெண் குறைகிறது. எத்தனை முறை தட்டினான், எவ்வளவு நேரம் தட்டினான் என்பதற்கும் உருவத்துக்கும் தொடர்பில்லை. சுருதிதான் உருவத்தைச் சொல்கிறது. பெரிய அண்டாவைத் தட்டினால் கனத்த ஓசை, சொம்பைத் தட்டினால் கீச்சென்ற ஓசை, அதே கதைதான். கொரில்லாவின் குரல்வளையை ஒட்டிக் காற்றுப் பைகள் உண்டு, அவை மார்பு வரை பரவியிருக்கும். பெரிய ஆணுக்குப் பெரிய பைகள் இருக்கும், அதனால் ஒலி தாழ்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

எனக்குப் பிடித்த இடமே இதுதான். இந்தச் செய்தியில் பொய் சொல்ல வழியில்லை. சின்ன ஆண் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் சத்தம் கூடுமே தவிர, உள்ளே இல்லாத இடம் எங்கிருந்து வரும்? அடுத்த சரிவில் நிற்கும் இன்னோர் ஆண் காதாலேயே எதிராளியை எடைபோட்டு, மோதலாமா ஒதுங்கலாமா என்று முடிவெடுக்க முடியும். சில்வர்பேக்குகள் மோதினால் கோரைப்பல் ஆழமாக இறங்கும், உயிரே போவதும் உண்டு. ஆகவே தோற்கப்போகிறவனுக்கு மட்டுமல்ல, ஜெயிக்கப்போகிறவனுக்கும் இந்தத் தகவல் லாபம்தான். துணை தேடும் பெண்களும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். வாசகரின் கேள்விக்குப் பதில் இதுதான்: கொரில்லா சண்டைக்குக் கூப்பிடுவதைவிட, சண்டை வேண்டாமல் போக வழி செய்கிறது.

'இதைத் தெரிந்து யாருக்கு என்ன பயன்' என்று கேட்டுத்தான் இத்தகைய ஆய்வுகளின் பணத்தில் பெரும்பாலும் கை வைக்கிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்க கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸி 1967-இல் ருவாண்டாவில் கரிசோகே என்ற ஆய்வு முகாமைத் தொடங்கினார். 1994 ருவாண்டா இனப்படுகொலைக் காலத்தில் முகாம் அழிந்தும் வேலை மீண்டும் தொடர்ந்தது. ஒவ்வொரு கொரில்லாவையும் மூக்கின் மடிப்புகளை வைத்து அடையாளம் கண்டு, நாள்தோறும் பின்தொடரும் ஆட்கள் இருப்பதால்தான் 36 தட்டலையாவது பதிவுசெய்ய முடிந்தது. காவலும் அதே ஆட்கள்தான். 1977-இன் கடைசி நாளில் டிஜிட் என்ற ஆண் கொரில்லாவைக் கள்ள வேட்டைக்காரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டிப் போனார்கள். கொரில்லாவின் உறுப்பில் அதன் பலம் இருக்கிறது என்ற மூடநம்பிக்கைக்குப் பலியானவையும் உண்டு. 1980-களில் விருங்காவில் 250 அளவுக்குக் குறைந்திருந்த எண்ணிக்கை, 2015-16 கணக்கெடுப்பில் 604 ஆனது. கூடவே ருவாண்டா மக்கள் தங்கள் குழந்தைக்குப் பெயர் சூட்டும் வழக்கத்தைக் கொரில்லாக் குட்டிகளுக்கும் விரித்து, 2005 முதல் 'க்விதா இஸினா' என்று விழாவாகவே நடத்துகிறார்கள்.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: ருவாண்டாவில் அனுமதிச் சீட்டு 1,500 டாலர். அதிகம்தான், ஆனால் பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. ஒரு கூட்டத்தைப் பார்க்க நாளொன்றுக்கு 8 பேர், ஒரு மணி நேரம். சளி, இருமல் இருந்தால் போகவே போகாதீர்கள். நம்முடைய சுவாச வைரஸ்கள் அவற்றைக் கொல்லும், 2009-இல் ருவாண்டாவில் அப்படி இரண்டு இறந்திருக்கின்றன. முகக்கவசம் கழற்றாதீர்கள். சில்வர்பேக் தட்ட ஆரம்பித்தால் ஓடக் கூடாது. வழிகாட்டி சொன்னபடி அப்படியே தாழ்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள்.