நூற்றெண்பது ஜிபி, நானூற்றெண்பதில் ஏன் கொள்ளவில்லை?

பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போட என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள்: "உள்ள இருக்கிறது அப்படியே இருக்கணும்." ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறிவிடும். அதனால்தான் குளோன். பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ், சாஃப்ட்வேர், கணக்கு, படம் எல்லாவற்றையும் அதே அமைப்பில் புது டிஸ்க்குக்கு ஏற்றுவது.

அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும், தானே வாங்கிய 480 ஜிபி எஸ்எஸ்டியுமாக வந்தார். வீட்டில் முயன்றிருக்கிறார். புது டிஸ்க் போதாது என்று சாஃப்ட்வேர் மறுத்துவிட்டது.

"தம்பி, மொத்தமே நூத்தி எண்பது ஜிபிதான் இருக்கு. எப்படிக் கொள்ளாமப் போகும்?"

நியாயமான கேள்வி. ஆனால் குளோன் போடும்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைவிட, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் முக்கியம். நம் ஊரில் கம்ப்யூட்டர் விற்கும்போதே சி, டி, ஈ என்று மூன்று பார்ட்டிஷன்களாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். இவருடையதில் சி 150, டி 390, ஈ 391 ஜிபி. சி-யில் 95, டி-யில் 60, ஈ-யில் 25 ஜிபிதான் நிரம்பியிருந்தது. ஆனால் ஈ தொடங்குவதே 540-வது ஜிபியில். புது டிஸ்க்கில் அப்படி ஓர் இடமே கிடையாது.

அந்த 480-ம் விண்டோஸில் 447 என்றுதான் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. 240 என்றால் 223, 1 டிபி என்றால் 931. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 480-க்கு மாற்றுகிறவர்கள் "இருபதுதானே குறைவு" என்று நினைப்பார்கள். அந்த இருபதுக்குள்தான், டிஸ்க்கின் கடைசியில், விண்டோஸ் கெட்டால் சரிசெய்ய உதவும் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு வீடியோக்களில் சொல்லும் வழி, பழைய டிஸ்க்கை முதலில் சுருக்கிக்கொள் என்பது. நான் அதைச் செய்வதில்லை. விண்டோஸின் ஷ்ரிங்க் வசதி, நகர்த்த முடியாத ஃபைல் எதிர்ப்படும் இடத்தில் நின்றுவிடும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரெஸ்டோர் பாயிண்ட் என்று விண்டோஸ் தன் வேலைக்கு வைத்திருப்பவையெல்லாம் அப்படிப்பட்டவை. அவற்றை அணைத்துவிட்டுச் சுருக்கலாம்தான். ஆனால் வாடிக்கையாளரிடம் இருக்கும் ஒரே பிரதியின் மேல் அந்த வேலையை நடத்துகிறோம். நடுவில் கரண்ட் போனால்? பார்ட்டிஷனைச் சுருக்குவதும் விரிப்பதும் புது டிஸ்க் பக்கம் நடக்கட்டும். காப்பி செய்யும்போதே எந்தப் பார்ட்டிஷன் வேண்டும், புது இடத்தில் எவ்வளவு அளவு என்று கேட்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. எஸ்எஸ்டி கம்பெனிகள் சில இலவசமாகவே தருகின்றன. குளோன்சில்லா போன்ற குளோன் சாஃப்ட்வேர்கள் வழக்கமாகப் புது டிஸ்க் சமமாகவோ பெரிதாகவோ இருக்கவேண்டும் என்று கேட்கும். பெரிய டிஸ்க்குக்குப் போகிறவர்களுக்கு அது போதும்.

பெரியதற்குப் போவதிலும் சிக்கல் உண்டு. 500-லிருந்து 1 டிபிக்குக் குளோன் போட்ட பிறகு, மீதி இடம் வெற்றாகக் கிடக்கும். சி-யை விரிக்கலாம் என்று போனால் எக்ஸ்டெண்ட் பட்டன் மங்கிக் கிடக்கும். சி-க்கும் வெற்றிடத்துக்கும் நடுவில் அதே ரெகவரி பார்ட்டிஷன். அதைக் கடைசிக்கு நகர்த்தினால்தான் வழி பிறக்கும். டிஸ்க் 2 டிபிக்கு மேல் என்றால், பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறையில் அதற்கப்பால் உள்ள இடத்தைத் தொடவே முடியாது, புது முறையான ஜிபிடிக்கு மாற்றவேண்டும். யுஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் புதிய முறை) இல்லாத பழைய மதர்போர்டு ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் தொடங்காது. எனவே டிஸ்க் வாங்கும் முன் போர்டைப் பாருங்கள்.

டிஸ்க் அளவுகள் வேறாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: எது பழையது, எது புதியது என்று திரையில் பார்த்தவுடன் தெரியும். தொழில் தொடங்கிய புதிதில் இரண்டு 500 ஜிபி டிஸ்க்குகளை மாட்டி, திசையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். வெறும் டிஸ்க், நிறைந்த டிஸ்க்கின் மேல் கச்சிதமாகக் குளோன் ஆனது. என் சொந்த டிஸ்க் என்பதால் தப்பித்தேன். அன்றிலிருந்து சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளை டேப்பில் எழுதி ஒட்டாமல் ஸ்டார்ட் அழுத்துவதில்லை.

இன்னொன்று, டிஸ்க்கின் உடல்நிலை. அதைச் சோதித்துக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரில் மஞ்சள் காட்டினாலோ, 'டக் டக்' சத்தம் கேட்டாலோ, சாதாரணக் குளோன் சாஃப்ட்வேரை அருகில் கொண்டுவராதீர்கள். பல சாஃப்ட்வேர்கள் கெட்ட இடத்தையே திரும்பத் திரும்பப் படிக்க முயன்று டிஸ்க்கை மேலும் சாகடிக்கும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு சாஃப்ட்வேர் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஆனால் முழு டிஸ்க்கையும் அப்படியே எடுப்பதால் சமமான அல்லது பெரிய டிஸ்க் வேண்டும். சாகப்போகும் டிஸ்க்கைச் சின்னதற்கு அடக்கும் வேலையை அப்போது தொடங்கக்கூடாது.

லேப்டாப் என்றால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை வேறோர் இடத்தில் எழுதி வைத்த பிறகே டிஸ்க்கைக் கழற்றுங்கள். குளோன் முடிந்ததும், பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் மாட்டித் தொடங்குங்கள். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாகவே இருக்கும், சேர்த்து மாட்டினால் விண்டோஸ் குழம்பும்.

அச்சகக்காரரிடம் ஈ-யில் என்ன என்று கேட்டேன். "பழைய படம், பாட்டு. அது வேணாம் தம்பி." சி-யையும் டி-யையும் மட்டும் ஏற்றினேன், சி-க்கு 200, மீதி டி-க்கு. பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்காமல், தேதி எழுதி அவர் கையிலேயே கொடுத்து, ஒரு மாதம் தொடாதீர்கள் என்றேன்.

ஒன்பதாம் நாள் அந்த டிஸ்க்கை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் பழைய தமிழ் ஃபாண்ட் எல்லாம் ஈ-யில் ஒரு ஃபோல்டரில் இருந்ததாம்.