கைத்தையல் போர்வையை ஆன்லைனில் விற்கும் முன்

கையால் தைத்த குவில்ட் போர்வைகளை விற்பவர்களுக்கு வரும் புகார்களில் தையலைக் குறை சொல்பவை குறைவு. சுருங்கிவிட்டது, சாயம் போகிறது, படத்தில் பார்த்த நிறம் இல்லை: இவைதான் திரும்பத் திரும்ப வரும். நேரில் விற்கும்போது வாங்குபவர் தொட்டுப் பார்த்து நாலு கேள்வி கேட்டுவிடுவார். ஆன்லைனில் அந்தக் கேள்விகளை நாமே கேட்டு, பதிலையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். விற்பனை கெட்டுவிடுமோ என்று நினைத்துப் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். திரும்பி வரும் பார்சல் அதைவிட அதிகமாகக் கெடுக்கும்.

முதலில் சுருக்கம். மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவே வைக்கும் பேட்டிங் என்ற நிரப்பு அடுக்கு பருத்தியாக இருந்தால், முதல் சலவையில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். பாலியெஸ்டர் அவ்வளவாகச் சுருங்காது. 80 அங்குல நீளத்தில் 5 சதவீதம் என்றால் 4 அங்குலம் போய்விடும். கட்டிலின் ஓரம் வரை தொங்கிய போர்வை மேலேறி நிற்கும். போதாததற்கு, நெருக்கமாகத் தையல் ஓட்டும்போதே துணி கொஞ்சம் உள்வாங்கும். அதனால் பேட்டர்னில் போட்டிருக்கும் அளவை அப்படியே எழுதாதீர்கள். முடித்த போர்வையைத் தரையில் விரித்து அளந்து, அது துவைத்த அளவா துவைக்காத அளவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதே துணியிலும் பேட்டிங்கிலும் 12 அங்குலச் சதுரம் ஒன்று தைத்துத் துவைத்துப் பார்த்தால், எவ்வளவு சுருங்கும் என்று ஓரளவு சரியாகவே சொல்லலாம். துவைத்த பிறகு வரும் மெல்லிய சுருக்கங்களைச் சிலர் விரும்பிக் கேட்பார்கள், சிலருக்கு அறவே பிடிக்காது. அந்தச் சதுரத்தையும் படமெடுத்துப் போட்டுவிடுங்கள்.

சாயத்தைத் துணியை வெட்டுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். வெள்ளைக்குப் பக்கத்தில் அடர் சிவப்பு, கருநீலம் வைப்பவர்கள் கட்டாயம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பது மட்டும் போதாது. ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சோப்புப் போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணியை அலசி மறுபடி சோதியுங்கள். அப்போதும் சாயம் விட்டால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். 'தனியாகத் துவைக்கவும்' என்று எழுதிவிட்டால் சரியாகிவிடாது, ஏனென்றால் அந்த வெள்ளையும் சிவப்பும் ஒரே போர்வையில்தானே இருக்கின்றன!

படத்துக்குச் சன்னலோர வெளிச்சம் போதும், ஃபில்டர் வேண்டாம்.

நான் கறாராக இருப்பது குழந்தைப் போர்வை விஷயத்தில். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் குவில்ட், தலையணை, தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. மூச்சுத் திணறும் ஆபத்துதான் காரணம். ஆனால் விற்பனைப் படங்களில் பிறந்த குழந்தை குவில்ட் போர்த்தித் தூங்கிக்கொண்டிருக்கும்! படம் அழகுதான், ஆனால் அதைப் பார்க்கும் பெற்றோர் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். சுவரில் மாட்டியோ, விழித்திருக்கும் குழந்தை பெரியவர் அருகில் விளையாடும் விரிப்பாகவோ காட்டுங்கள். வயது எச்சரிக்கையை முதல் சில வரிகளிலேயே போடுங்கள். பட்டன், மணி வைத்துத் தைக்க வேண்டாம்.

அடுத்தது கூரியர் செலவு. எடை குறைவாக இருந்தாலும் பெட்டி பெரிது. பல நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்ளும். 50, 40, 30 அளவுள்ள பெட்டி 12 கிலோ ஆகிவிடும், உள்ளே இருப்பது இரண்டு மூன்று கிலோதான் என்றாலும். விலை குறிக்கும் முன் மடித்துப் பெட்டியில் வைத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம், புதுக் கடைகளைத் தேடி வரும் ஏமாற்று ஒன்று உண்டு. 'தவறுதலாக அதிகப் பணம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்பார்கள். நீங்கள் அனுப்பிய பிறகுதான் அவர்கள் கொடுத்த காசோலையோ ரசீதோ போலி என்று தெரியும். பணம் உங்கள் கணக்கில் உறுதியாகச் சேர்ந்ததா என்று வங்கியில் கேளுங்கள். அதுவரை மீதியையும் அனுப்பாதீர்கள், போர்வையையும் அனுப்பாதீர்கள். விற்பனைத் தளத்துக்கு வெளியே பேசலாம், வேறு லிங்க்கில் கணக்கைச் சரிபார்க்கலாம் என்று அழைப்பவர்களுக்குப் பதிலே போட வேண்டாம்.